மறுத்துப் பேசும் வேளை வேறு, மனம் பேசும் வேளை வேறு

கேள்வி: ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை. ஏழாம் வகுப்பில் மட்டும் நாற்பது பேர். வரும் பருவத்திலிருந்து வாரத்தில் ஒரு பாடவேளையை விவாதத்துக்கும் ஒன்றை மனநலச் செயல்பாட்டுக்கும் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். ஒருமுறை நடத்திப் பார்த்தேன். விவாதத்தில் மூன்று பேர்தான் பேசினார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்று வார்த்தை வராமல் தவித்தாள். சிலர் சிரிக்கவும் அழுதுவிட்டாள். மனநல வகுப்பில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். நாற்பது பேரும் 'ஐ ஆம் ஃபைன்' என்றார்கள். இவற்றை எப்படித் திட்டமிடுவது? தாய்மொழியை அனுமதிக்கலாமா? தவறுகளைத் திருத்த வேண்டுமா? பருவ முடிவில் விவாதப் போட்டி ஒன்றும் நடத்த வேண்டுமாம்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவி அழுததால் விவாதமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையில் தயாராக ஒரு வாக்கியம்கூட இல்லாத நிலையில் அவள் நாற்பது பேருக்கு முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. மனநல வகுப்பில் எல்லாரும் 'ஐ ஆம் ஃபைன்' என்று முடித்துக்கொண்டதற்கும் அதேதான் காரணம். மனதில் இருப்பதைச் சொல்ல ஆங்கில வார்த்தை இல்லை. இருந்தாலும் அத்தனை பேர் காதில் விழும்படி சொல்லத் துணிவு இல்லை. உங்கள் இரண்டு வகுப்புகளும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன.

மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986-இல் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வாய் திறக்கத் தயக்கம், தேர்வு பயம், மற்றவர்கள் நம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்ற பயம் ஆகிய மூன்றையும் அந்தப் பதற்றத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த மூன்றாவது பயம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் என்பது நான் வகுப்பறைகளில் கண்டது. ஆகவே திட்டம் எழுத உட்காரும்போது தலைப்பைத் தேடுவதற்கு முன்னால் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளை முதல் வாக்கியத்தை யாரிடம், எத்தனை பேர் எதிரில், எவ்வளவு நேரம் தயாரித்த பிறகு சொல்லப்போகிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாடவேளைகளையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். விவாதத்தில் பிள்ளை தன்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் வாதாடுவது என்ற கட்சி சீட்டுக் குலுக்கலில் வருவது. தோற்றாலும் தோற்பது அந்தக் கட்சிதான். மனநல வகுப்பில் பிள்ளை தன்னைப் பற்றிப் பேசலாம். ஆனால் அங்கே யாரும் மறுத்துப் பேசக்கூடாது. 'சோகமாக இருப்பது சரியா தவறா', 'கண்டிப்பான பெற்றோர் நல்லவர்களா' போன்ற தலைப்புகளில் விவாதம் வைக்கும் பள்ளிகள் உண்டு. வீட்டில் எதையோ சுமந்துகொண்டு வரும் பிள்ளைக்கு அந்த மேடையில் தன் வாழ்க்கையையே வாதாடிக் காக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடும்பம், உடல் தோற்றம், மதம், வீட்டு வருமானம் ஆகியவற்றைத் தொடும் தலைப்புகளை விவாதப் பட்டியலிலிருந்து முழுக்க விலக்கிவிடுங்கள்.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடமும் வீணாகாமல் கிடைத்தாலும் நாற்பது பேருக்குத் தலைக்கு ஒரு நிமிடம்தான். உண்மையில் அந்த ஒரு நிமிடமும் சரளமாகப் பேசும் மூன்று பேருக்கே போய்விடுகிறது. அதனால் முழு வகுப்பும் கேட்கும் மேடை விவாதத்தை இந்தப் பருவத்தில் மறந்துவிடுங்கள். நால்வர் நால்வராகப் பிரித்தால் பத்துக் குழுக்கள். பத்திலும் ஒரே நேரத்தில் விவாதம் நடக்கும். சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.

வாரம் ஒரு தலைப்பு என்று ஓடவும் வேண்டாம். ஒரு தலைப்புக்கு மூன்று பாடவேளை கொடுங்கள். பன்னிரண்டு வாரப் பருவத்தில் நான்கு தலைப்புகள் வரும், தாராளமாகப் போதும். எடுத்துக்காட்டாக, 'ஸ்கூல் ஷுட் ஸ்டார்ட் அட் நைன்' என்று வைத்துக்கொள்வோம். வாக்கியம் சின்னது, கருத்து ஒன்றே ஒன்று, 'நாட்' இல்லை. எதிர்மறையில் அமைந்த தலைப்பென்றால் தான் எந்தப் பக்கம் என்பதிலேயே பாதிப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். எல்லாருக்கும் இதில் ஒரு கருத்து இருக்கும், ஆனால் யாருடைய அந்தரங்கத்தையும் இது தொடாது. சான்றுக்கும் பஞ்சமில்லை. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகம் 2014-இல் பரிந்துரைத்தது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டு வரம்புக்கும் நடுவில் இருப்பதால், எந்த எண் தங்களுக்குப் பொருந்தும் என்று தேடுவதே நல்ல வாசிப்புப் பயிற்சியாகிவிடும். எதிர்க்கட்சிக்கும் பலமான வாதங்கள் உண்டு: பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் நேரம், மாலை விளையாட்டு சுருங்குவது, வீடு திரும்பும்போது இருட்டிவிடுவது.

முதல் பாடவேளையில் விவாதமே வேண்டாம். இரண்டு பக்கத்து வாதங்களும் உள்ள ஒரு சிறு பத்தியை எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்; நூற்றைம்பது சொற்களுக்கு மேல் போக வேண்டாம். வாசித்து, புதிய சொற்களில் எட்டை மட்டும் எடுத்துப் பழக்கிவிட்டு, கடைசியில் சீட்டுக் குலுக்குங்கள்.

இரண்டாம் பாடவேளை தயாரிப்புக்கு. முதலில் தனியாக யோசிக்கட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்களோடு. ஃபிராங்க் லைமன் 1981-இல் பெயர் சூட்டிய இந்த மூன்று படி முறையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் அவசரத்தில் முதல் படியைத்தான் நாம் எல்லாரும் வெட்டிவிடுகிறோம். இரண்டாம் மொழியில் பேசப்போகும் பிள்ளைக்கு உயிர்நாடி அந்த முதல் படி. பேச்சே இல்லாத மூன்று நிமிடம் கொடுங்கள். தயாரிப்பு முடிந்ததும் ஒரே பேச்சை மூன்று வெவ்வேறு தோழர்களிடம் சொல்லவையுங்கள், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைத்தபடி. மொழியியலாளர் பால் நேஷன் எழுதிப் பரவலான உத்தியில் நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்று இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குத் தொண்ணூறு வினாடி, அறுபது, நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். முதல் முறை திக்கிய இடம் மூன்றாம் முறை தானாக ஓடும். தன் நாக்கு பழகிவருவதைப் பிள்ளையே உணர்வதுபோல வேறெதுவும் நம்பிக்கை தராது.

மூன்றாம் பாடவேளைதான் விவாதம். மினசோட்டா பல்கலைக்கழகத்து ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கிய ஒரு வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். நால்வர் குழுவில் இரண்டு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் மறு கட்சி. முதல் கட்சி தன் காரணங்களைச் சொல்லும். மறு கட்சி பதில் சொல்வதற்கு முன்னால், தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்: 'யூ சேட் தட்...' அவர்கள் ஆம் என்று தலையாட்டிய பிறகுதான் 'பட்...' வரலாம். அடுத்துக் கட்சி மாறி, இதுவரை எதிர்த்ததற்காக வாதாட வேண்டும். முடிவில் இரண்டு கட்சியையும் கீழே வைத்துவிட்டு, நால்வரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதித் தர வேண்டும். ஜான்சன்கள் 'திருப்பிச் சொல்' என்ற இடத்தை இவ்வளவு கறாராக வைத்திருந்தார்களா என்பது முக்கியமில்லை. மொழி கற்பவர்களுக்கு நான் கறாராகத்தான் வைப்பேன். அவர்களுக்கு மறுப்புரை கடினமாவது பேச வராததால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் எதிராளி சொன்னது சரியாகக் காதில் ஏறாததுதான் காரணம். திருப்பிச் சொல்லும் விதி கேட்க வைக்கிறது, யோசிக்க நேரமும் தருகிறது. கட்சி மாறும் விதியும் ஒரு நல்ல காரியம் செய்கிறது. 'நீ அப்படிப்பட்டவள்தானே' என்று விளையாட்டு மைதானத்தில் யாரும் யாரையும் சீண்ட முடியாது, எல்லாரும் இரண்டு பக்கமும் பேசியிருப்பார்கள்.

தாய்மொழியைக் கேட்டிருந்தீர்கள். தயாரிப்பு நேரத்தில் தாராளமாக அனுமதியுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் சிந்தனை ஏழாம் வகுப்பில் இருக்கிறது. ஆங்கிலம் இரண்டாம் வகுப்பில் இருக்கலாம். ஆங்கிலத்தில்தான் யோசிக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் சிந்தனையும் இரண்டாம் வகுப்புக்கு இறங்கிவிடும். அன்றாடப் பேச்சு மொழிக்கும் பாட மொழிக்கும் உள்ள இடைவெளியை ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே பிரித்துக் காட்டினார். முதலாவது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடலாம்; காரணம் காட்டி வாதிடும் மொழிக்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்று பிற்காலத்து ஆய்வுகளும் சொல்கின்றன. இடைவேளையில் சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை விவாதத்தில் மௌனமானால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் பாடவேளையில் மட்டும் ஆங்கிலம் என்று எல்லை போட்டுவிடுங்கள். அப்போதும் ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் தாய்மொழிச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடரலாம் என்று விதி இருக்கட்டும்.

திருத்தம் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. பேச்சின் நடுவே திருத்தவே கூடாது. தவறான வாக்கியத்தை நாம் சரியாகத் திருப்பிச் சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட உத்தி இதுதான். மாணவர்கள் அதைக் கவனித்து எதிர்வினை காட்டியதும் இதில்தான் மிகக் குறைவு. ஆகவே குழுக்களுக்கு நடுவே நடந்தபடி கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு வாக்கியங்களைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதி வகுப்பே சேர்ந்து சரிசெய்யட்டும். நான்கில் ஒன்று மிக நன்றாகச் சொல்லப்பட்ட வாக்கியமாக இருக்கட்டும். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்றுக்கு மட்டும் கொடுங்கள்: ஒரு காரணம் சொன்னானா, ஓர் உதாரணம் தந்தானா, எதிராளிக்குப் பதில் சொன்னானா. இலக்கணம் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை கவனியுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் விடைகள் நீண்டன. பதிலே வராத தருணங்கள் குறைந்தன. அயல்மொழியில் விடை தேடும் பிள்ளைக்கு மனதுக்குள் ஏழு எண்ணிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

இனி அந்த மாணவிக்கு. இப்படித் தயங்கும் பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கும் வேலை, அட்டை பிடிக்கும் வேலை என்று கொடுத்து ஒதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் ஆங்கிலம் பேசாமல் தப்பிக்க நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். அவளுக்கு இரண்டு வாக்கியம் மட்டும் கொடுங்கள். அவளே எழுதி, நீங்கள் முன்கூட்டியே பார்த்த வாக்கியங்களாக இருக்கட்டும். அதை ஒரே ஒரு தோழியிடம் அவள் வாசித்துக் காட்டட்டும். அடுத்த தலைப்பில் நால்வர் முன்னால், தாளைப் பார்த்தபடி. அதற்கடுத்ததில் தாள் இல்லாமல். அன்று நடந்ததைப் பற்றி வகுப்பில் பேசாமல் தனியாக, சுருக்கமாகப் பேசுங்கள். உன்னைத் தயாரிப்பில்லாமல் எழுப்பியிருக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னால் அவள் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கும். சிரித்தவர்களுக்கு உபதேசம் வேண்டாம். அடுத்த விவாதத்துக்கு முன் ஒரு விதியாக வைத்துவிடுங்கள்: ஒருவர் தடுமாறினால் குழுவில் உள்ளவர் 'டேக் யுவர் டைம்' என்று சொல்ல வேண்டும். சிரிப்பைத் தடுப்பதைவிட அதன் இடத்தில் வேறொன்றைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

மனநல வகுப்பில் முதல் வேலை சொற்களைச் சேர்ப்பது. ஹேப்பி, சேட், ஆங்ரி என்ற மூன்று சொற்கள் மட்டும் கையிலிருக்கும் பிள்ளை தன் மனதை எப்படிச் சொல்லும்? நெர்வஸ், ப்ரவுட், லெஃப்ட் அவுட், ரிலீவ்ட், போர்ட், ஜெலஸ் என்று வாரம் நான்கு சொற்கள் சேருங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் உணர்வறிவு மையம் பரப்பிய 'மூட் மீட்டர்' இதற்கு உதவும். ஒரு சதுரத்தை நான்காகப் பிரியுங்கள். உடலில் வேகம் அதிகம், மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் சிவப்பு. வேகம் அதிகம், இனிமை என்றால் மஞ்சள். வேகம் குறைவு, இனிமையில்லை என்றால் நீலம். வேகம் குறைவு, இனிமை என்றால் பச்சை. வாரத் தொடக்கத்தில் பிள்ளைகள் தங்கள் நோட்டில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் போதும். உரக்கச் சொல்ல வேண்டாம். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போதே மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிகிறது என்று மேத்யூ லீபர்மனின் குழு 2007-இல் காட்டியது. அந்தப் பெயர் தாய்மொழியில் முதலில் வந்தால் வரட்டும்.

வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். பேசாமல் இருக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது முதல் நாளே சொல்லப்பட வேண்டும். தன்னைப் பற்றிப் பேசாமலேயே மனதைத் தொட ஒரு வழி உண்டு: கற்பனைப் பிள்ளை எழுதிய கடிதம். 'என் தோழி இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை, காரணம் தெரியவில்லை' என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை நீங்கள் எழுதி வாசியுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து பதில் எழுதட்டும். 'யூ குட்...', 'மேபி ஷீ...', 'இஃப் ஐ வேர் யூ...' எல்லாம் அங்கேதான் உயிரோடு வரும். இலக்கணப் பாடம் தனியாக நடத்த வேண்டியதே இல்லை. பிள்ளைகள் அடுத்தவருக்கு எழுதும் ஆறுதலில் தங்களுக்கு வேண்டியதையும் எழுதிக்கொள்வார்கள். எனக்கு மிகப் பிடித்த செயல்பாடு இது. நேரம் குறைந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை எல்லாருக்கும் கட்டாயமாக்கச் சொல்வார்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற மைரியட் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர் நடத்திய இத்தகைய மனநிறைப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்), பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக-உணர்வுக் கல்வியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. விரும்பும் பிள்ளை செய்யட்டும். மற்றவர்கள் அந்த இரண்டு நிமிடம் ஜன்னல் வழியே வெளியே பார்க்கட்டும், படம் வரையட்டும்.

விவாத நாளில் மட்டும் இரண்டு வகுப்பும் ஒரு நிமிடம் கைகோக்கலாம். பேசுவதற்கு முன் நெஞ்சு படபடக்கும்போது 'ஐ ஆம் காம்' என்று சொல்லிக்கொள்வதைவிட 'ஐ ஆம் எக்ஸைட்டட்' என்று உரக்கச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் எழுதினார். அது பெரியவர்களை வைத்துச் செய்தது. ஆனாலும் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கத்திச் சொல்ல உகந்த வாக்கியம், செலவும் இல்லை.

மனநலக் குறிப்பேடு வைத்திருந்தால் அதில் சிவப்பு மை படக்கூடாது. எழுதிய விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள், எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். ஒன்றை மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: 'நீங்கள் எழுதுவதை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனால் யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ, உங்களுக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தாலோ, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்.' ரகசியம் காப்பேன் என்று முழு வாக்கு கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தப் பிள்ளை மறுபடி எந்தப் பெரியவரையும் நம்பாது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே தீர்க்க முயலாமல், அன்றைக்கே பள்ளியின் ஆலோசகரிடமோ தலைமையாசிரியரிடமோ கொண்டுபோங்கள். நீங்கள் மொழி ஆசிரியை. கவனித்துக் கேட்பதும் உரிய கையில் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு, சிகிச்சை உங்கள் பொறுப்பு இல்லை. பருவம் தொடங்குமுன் யாரிடம் போக வேண்டும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி விஷயத்தில் தலைமையாசிரியரிடம் நேராகவே பேசுங்கள். பருவ இறுதியில் மேடை போட்டால் மறுபடி அந்த மூன்று பேர்தான் பேசுவார்கள், மற்ற முப்பத்தேழு பேரும் கைதட்டுவார்கள். அதற்குப் பதிலாக நான்காவது தலைப்பின் மூன்றாம் பாடவேளைக்கு அவரை வரச்சொல்லுங்கள். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு நால்வர் குழுவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காரட்டும், பிறகு இன்னொரு குழுவுக்குப் போகட்டும். யார் பேசினார்கள் என்று எண்ணிக் குறிக்க அவர் கையில் ஒரு தாளும் கொடுங்கள். போட்டி வேண்டுமா என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.